சென்னைத் துறைமுகமும் நடமாடும் மணலும்

நகரத்தாரின் ஒன்பது கோயில்களுள் ஒன்று அமைந்துள்ள இளையாத்தங்குடி, கடலைக் காணாத உள்நாட்டு ஊர். ஆயினும் செட்டிநாட்டின் வளம் கடலோடு பிணைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடங்கி இப்பகுதியினர் பலர் வாணிகத்தின்பொருட்டு இரங்கூனுக்குச் சென்றனர். அப்பயணத்தின் வாயில்களுள் ஒன்று சென்னை. அவ்வாயில் இயற்கை தந்ததன்று. மனிதன் கடலோடு போராடி அமைத்தது. அது எவ்வாறு அமைந்தது, அதற்கு விலை கொடுத்தவர் யார் என்பவற்றை இப்பேச்சில் காண்போம்.

நல்ல துறைமுகத்துக்கு அலையை மறைக்கும் நிலமுனையோ ஆழமான ஆற்றுமுகமோ வேண்டும். சென்னைக்கு இரண்டும் வாய்க்கவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியார் 1639-இல் இங்கு இடம் பெற்ற பின்னர், இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கப்பல்கள் திறந்த கடலிலேயே நங்கூரமிட்டு நின்றன. ஆட்களும் சரக்குகளும் மசூலாப் படகுகளில் கரை சேர வேண்டியிருந்தது. ஆணியால் இறுக்கிய படகு அலையின் மோதலைத் தாங்காது. ஆதலால் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்திருந்தனர். படகோட்டிகளின் திறமையே அக்காலத்தில் சென்னையின் துறைமுகமாய் இருந்தது எனலாம். 1861-இல் கடலுக்குள் நீண்ட இரும்புப் பாலம் ஒன்று அமைந்தது. அது சரக்கு இறக்க உதவிற்றேயன்றிக் கப்பல்களுக்குப் புயலில் புகலிடம் தரவில்லை.

1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். வில்லியம் பார்க்ஸ் என்னும் பொறியாளரின் திட்டம் எளியது. ஒன்றுக்கொன்று 1,000 கெஜ இடைவெளியில் இரண்டு சுவர்கள் கடலுக்குள் 1,200 கெஜம் நீளும். பின்னர் உட்புறம் வளைந்து, கிழக்கே ஒரு வாயிலை மட்டும் விடும். வேலை முடியுமுன்னரே, 1881 நவம்பரில் பெரும்புயல் வீசியது. ஏறக்குறைய அரை மைல் நீளச் சுவர் குலைந்தது. பாரந்தூக்கும் பெரும்பொறிகள் இரண்டு கவிழ்ந்தன. மீண்டும் கட்டி முடிக்க மேலும் பல ஆண்டுகள் சென்றன.

புயலாவது ஒரு நாளில் ஓய்ந்துவிடும். ஓயாத பகை மற்றொன்று இருந்தது. அதுவே மணல். அலை கரையில் நேராக மோதுவதில்லை. சாய்வாக ஏறி, நேராக இறங்குகிறது. ஒவ்வோர் அலையோடும் மணல் சிறிது தூரம் பக்கவாட்டில் நகர்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அது வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கு நோக்கியும் செல்லும். ஆண்டு முழுவதையும் கணக்கிட்டால் வடக்கே செல்வதே மிகுதி. இந்த மணலாற்றின் குறுக்கே துறைமுகச் சுவர் அணைபோல் நின்றது. தெற்குச் சுவரின் அருகே மணல் குவிந்து, வாயிலையே அடைத்துவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது.

1904-இல் துறைமுகத் தலைமையை ஏற்ற சர் பிரான்சிஸ் ஸ்பிரிங் இதற்கு வழி கண்டார். கிழக்கு வாயிலை மூடி, வடகிழக்கில் புதுவாயில் திறக்கச் செய்தார். கணிதமேதை இராமானுசன் 1912-இல் எழுத்தராய்ப் பணிபுரிந்ததும், அவரது மேதைமைக்கு ஆதரவு கிட்டியதும் இவர் தலைமையிலிருந்த அலுவலகத்திலேதான்.

துறைமுகம் பிழைத்தது. ஆனால் மணலின் கணக்கு தீரவில்லை. சுவருக்குத் தெற்கே தங்கிய மணல் கரையை அகலமாக்கியது. இன்று நாம் உலாவி மகிழும் மெரினாவின் பரப்பு பெரிதும் அவ்வாறு வளர்ந்ததே. தெற்கே தங்கியது வடக்கே சென்று சேரவில்லை. கடல் வழக்கம்போல் அங்கிருந்த மணலை எடுத்துச் சென்றது, ஈடுசெய்ய வரவில்லை. இராயபுரத்துக்கு வடக்கே கரை தேய்ந்தது; மீனவக் குடியிருப்புகள் வீடுகளையும், வலை உலர்த்தும் மணற்பரப்பையும் இழந்தன. கருங்கல் தடுப்புகள் எழுப்பப்பட்டன. ஓரிடத்தில் தடுத்தால் அரிப்பு அடுத்த இடத்துக்கு நகர்ந்தது. தெற்கே பெற்றவர் ஒருவர். வடக்கே இழந்தவர் வேறொருவர்.

இதனால் துறைமுகம் வேண்டாம் என்பது கருத்தன்று. அதுவின்றிச் சென்னை இவ்வளவு வளர்ந்திராது. செட்டிநாட்டில் ஊருணி வெட்டுவோர் முதலில் இரண்டு கேள்விகளைக் கேட்பர்: நீர் எவ்வழி வரும்? மிகுந்த நீர் எவ்வழி போகும்? வரத்துக்காலை அடைப்பவன் பிறர் நீரைத் தடுப்பவனாவான். கடற்கரையில் கட்டுவோருக்கும் இதே கேள்விகள் உண்டு. அங்கே நீருக்குப் பதில் மணல். புதிய துறைமுகங்களைத் திட்டமிடும் பொறியாளராக உங்களுள் சிலர் வரக்கூடும். வரைபடத்தில் சுவரின் கோட்டை இழுக்குமுன், அதன் மறுபக்கத்தில் வாழ்பவர் யார் என்று கேட்பதையும் உங்கள் கடமையாகக் கொள்ளுங்கள்.