சிட்டி 2030-ல் எங்கே இருந்தான்?

'2.0' டிவியில் ஓடினா ஹாஸ்டலில் ஒரு குரல் கண்டிப்பா வரும்: "லாஜிக்கே இல்லடா!" எந்த லாஜிக்னு திருப்பிக் கேளுங்க. ரெண்டு இருக்கு.

முதல்ல கதையோட லாஜிக். 'எந்திரன்' (2010) முடியும்போது வருஷம் 2030. கழற்றிப்போட்ட சிட்டி மியூசியத்தில் இருக்கான். 2018-ல் வந்த '2.0'-ல் அவனை மறுபடி பூட்டி எழுப்பறாங்க. பறக்கிற போன்களோ நாம அப்ப வச்சிருந்த மாடல்தான். அப்போ 2030? "பின்னாடி திரும்பக் கழட்டியிருப்பாங்க"ன்னு ஒரு வரி சேர்த்தா மூடிடும். ஒரு வரியில் மூடினா அது இடைவெளி. என்ன சேர்த்தும் மூடலைன்னாத்தான் ஓட்டை.

அடுத்தது அறிவியல் லாஜிக். பட்சிராஜனோட 'ஆரா' கற்பனைன்னு எல்லாருக்கும் தெரியும். டவர் கதிர்வீச்சு குருவிகளைக் கொல்லுதுங்கிறதைத்தான் நிஜம்னு நம்பி வெளிய வர்றோம். கணக்குப் போடுங்க: 1,800 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஃபோட்டானின் ஆற்றல் சுமார் 0.0000074 எலக்ட்ரான் வோல்ட். அணுவிலிருந்து ஒரு எலக்ட்ரானைப் பிய்க்கவே பல எலக்ட்ரான் வோல்ட் வேணும்.

அதுக்காகப் பறவைகளுக்கு எந்தத் தொந்தரவும் இல்லைன்னு சொல்லிட முடியாது. 5 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழான மின்காந்த இரைச்சல் ராபின் பறவைகளின் திசையறிவைக் குழப்புதுன்னு 2014-ல் ஜெர்மனியின் ஓல்டன்பர்க் ஆய்வு காட்டியது. ஆனா அது செல்போன் அலைவரிசை இல்லை.

கதையில் இருக்கிற ஓட்டை தியேட்டரோட முடிஞ்சிடும். அறிவியல் ஓட்டை நம்ம கூடவே வீட்டுக்கு வந்துடும். தொண்டாமுத்தூர்ல குருவி குறைஞ்சிருக்குன்னு தோணினா, டவரை மட்டும் பார்க்காதீங்க. ஓட்டு வீடு போய் கான்கிரீட் வந்ததையும், தோட்டத்துல அடிக்கிற மருந்தையும் சேர்த்துப் பாருங்க. பறவைகளை ஆராயற சாலிம் அலி மையம் நம்ம ஆனைகட்டியிலேயே இருக்குங்க.