எதிரி வீட்டுப் பிள்ளையே ஆசிரியன்!

1916-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள். பிரான்சு நாட்டின் வெர்டன் போர்க்களம். டூமோன் என்ற சிற்றூர் அருகே இளம் பிரெஞ்சு அதிகாரி ஒருவன் காயம்பட்டு விழுந்தான். ஜெர்மானியர் அவனைச் சிறைப்பிடித்தனர். இரண்டரை ஆண்டுகளுக்கு மேல் ஜெர்மன் சிறைமுகாம்களே அவனுக்கு வீடாயின.

46 ஆண்டுகள் கழிந்தன. 1962 செப்டம்பர் 9. ஜெர்மனியின் லுட்விக்ஸ்பர்க் அரண்மனை முற்றத்திலே ஆயிரக்கணக்கான இளைஞர்கள் திரண்டிருந்தனர். பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் மேடை ஏறினார். பேசினார், தமது மொழியில் அல்ல; ஜெர்மன் மொழியிலே பேசினார்! அன்று சிறைப்பட்ட அதிகாரிதான் அந்தத் தலைவர். அவரே ஜெனரல் டிகால்!

அடுத்த ஆண்டு, 1963 ஜனவரி 22-இல், அவரும் மேற்கு ஜெர்மன் பிரதமர் அடினாயரும் நட்புடன்படிக்கையிலே கையொப்பமிட்டனர். தலைவர்கள் கைகுலுக்குவதும், படம் பிடிப்பதும், பத்திரிகைகள் பாராட்டுவதும் உலகம் கண்ட காட்சிதான். ஆனால் அந்த இருவரும் அதோடு நிற்கவில்லை. இரு நாட்டு இளைஞர்களும் பழகுவதற்கென்றே அதே 1963-இல் கூட்டு இளைஞர் அலுவலகம் ஒன்று பிறந்தது. செலவிலே இரு அரசுகளுக்கும் சரிபாதி. இதுவரை அதன் வழியே சென்றுவந்தவர்கள் 90 லட்சத்துக்கும் மேல்!

"பிள்ளைகள் நாலு நாள் கூடி ஆடிப் பாடிவிட்டு ஊர் திரும்புவதால் உலகம் திருந்திவிடுமா?" என்று கேட்போர் உண்டு. கேட்கட்டும். ஆனால் அந்த முகாம்களிலே ஒரு நாள் எப்படிக் கழிகிறது என்பதையும் கொஞ்சம் பார்க்கட்டும்.

காலையிலே மொழிப் பாடம். கரும்பலகை இல்லை, பிரம்பு இல்லை, ஆசிரியர் முழங்கப் பிள்ளைகள் எதிரொலிக்கும் வழக்கமும் இல்லை. பிரெஞ்சுப் பிள்ளை ஒன்று, ஜெர்மன் பிள்ளை ஒன்று, இப்படி இரண்டிரண்டாக உட்காருகிறார்கள். முதற்பாதியிலே பிரெஞ்சுப் பிள்ளை ஆசிரியன். ஜெர்மன் பிள்ளை மாணவன். மறுபாதியிலே ஜெர்மன் பிள்ளை ஆசிரியன். முன்பு கற்பித்தவன் இப்போது கற்கிறான். ஆண்டானும் இல்லை, அடிமையும் இல்லை! கற்பித்தால்தான் கற்கலாம் என்பதே அங்கே சட்டம்.

தடுமாற்றங்களுக்கும் பஞ்சமில்லை. பிரெஞ்சிலே 'ஜிம்னாஸ்' என்றால் உடற்பயிற்சிக் கூடம். ஜெர்மனிலே 'கிம்னாசியும்' என்றால் உயர்நிலைப் பள்ளி. ஒருவன் பந்தாடப் போவதாகச் சொல்ல, மற்றவன் புத்தகப் பையைத் தேடுவான்! சிரிப்பு எழும். ஆனால் அந்தச் சிரிப்பிலே ஓர் உண்மை விளங்கிவிடும்: ஒரே சொல்லை இருவர் உச்சரிப்பதாலேயே இருவரும் ஒன்றையே எண்ணுகிறார்கள் என்று பொருள் ஆகாது!

அடுத்து வருவதுதான் கடினமான பாடம். சுவரிலே நீண்ட தாளை ஒட்டுகிறார்கள். ஆண்டுகளை எழுதி, தத்தம் வீட்டிலும் பள்ளியிலும் கேட்டதைக் குழு குழுவாகக் குறிக்கிறார்கள். 1871-இல் ஜெர்மன் பேரரசு பிறந்ததாக அறிவிக்கப்பட்டது எங்கே? பெர்லினிலே அல்ல; தோற்ற பிரான்சின் வெர்சேல்ஸ் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்திலே! 1919-இல் தோற்ற ஜெர்மனி உடன்படிக்கையிலே கையொப்பமிட்டது எங்கே? அதே மண்டபத்திலே! ஒருவர் வீட்டில் வெற்றித் திருநாள். மற்றவர் வீட்டில் மானம் போன நாள். 1870, 1914, 1939 என்று 70 ஆண்டுகளுக்குள் மூன்று போர்கள் மூண்டனவே, அவற்றுக்கு வெடிமருந்து கிடங்குகளிலே மட்டுமா இருந்தது? பள்ளிப் பாடங்களிலும் அல்லவா இருந்தது!

வெர்டன் பக்கம் நடக்கும் முகாமானால், மாலையிலே டூமோன் எலும்பு மண்டபத்துக்குச் செல்வார்கள். 1916 பிப்ரவரியில் தொடங்கி டிசம்பர் வரை நடந்த அந்தப் போரிலே மாண்டவர்கள் சுமார் 3 லட்சம் பேர். அவர்களில் அடையாளம் தெரியாத 1,30,000 பேரின் எலும்புகள் அந்த மண்டபத்திலே கிடக்கின்றன. இது பிரெஞ்சுக்காரன் எலும்பு, இது ஜெர்மானியன் எலும்பு என்று பிரிக்க எவராலும் முடியவில்லை! வாழ்ந்தபோது பிரித்தார்கள்; செத்தபிறகு பிரிக்க வழியில்லை. காலையிலே ஒருவருக்கொருவர் ஆசிரியராக இருந்த பிள்ளைகள் அங்கே பக்கத்திலே பக்கத்திலே நிற்கிறார்கள். அந்த மௌனத்துக்கு உரையாசிரியர் தேவையா?

பயன் என்ன என்று கேட்டோருக்கு ஒரு பதில் 2003-இல் கிடைத்தது. பெர்லினிலே இரு நாட்டு மாணவர் மன்றம் கூடியது. "இரண்டு நாட்டுக்கும் ஒரே வரலாற்று நூல் வேண்டும்" என்று கேட்டது. அமைச்சர்களோ பேராசிரியர்களோ அல்ல, மாணவர்கள் கேட்டார்கள்! 2006-இல் முதல் பகுதி வெளிவந்தது. ஒரே உள்ளடக்கம், இரு மொழிப் பதிப்பு. எல்லாப் பள்ளிகளும் அதை எடுத்துக்கொள்ளவில்லை என்பது உண்மை. ஆனால், ஒருவரையொருவர் சுட்டுக்கொன்ற இரு நாடுகள் ஒரே நூலை எழுத உட்கார்ந்தனவே, அது சிறிய செய்தியா?

வசதி படைத்தவர் வீட்டுப் பிள்ளைகளின் உல்லாசப் பயணமாக இது முடிந்துவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. தொழிற்பயிற்சி பெறும் இளைஞரும் வேலை தேடும் இளைஞரும் செல்ல அந்த அலுவலகம் உதவுகிறது. அந்தக் கதவு இன்னும் அகலத் திறக்க வேண்டும். போர் வந்தால் முதல் வரிசையிலே நிறுத்தப்படுபவன் ஏழை வீட்டுப் பிள்ளை அல்லவா? நட்பின் வரிசையிலே மட்டும் அவனுக்குக் கடைசி இடமா?

ஒரு கை தட்டினால் ஓசை எழாது. தலைவர்கள் கை குலுக்கியது 1963-இல் ஒரு நாள். அந்தக் கைகள் மறைந்துவிட்டன. ஆனால் உடன்படிக்கை வாழ்கிறது. ஆண்டுதோறும் புதிய பிள்ளைகள் இரண்டிரண்டாக உட்கார்ந்து, "உன் மொழியிலே இதற்கு என்ன பெயர்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அதனால் வாழ்கிறது!

பகை தானாக வளரும், களையைப் போல. நட்பைப் பயிரிட்டாக வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கத் தயங்கும் அரசுகள், போருக்கு ஒதுக்கும் தொகையை ஒருமுறை எண்ணிப் பார்க்கட்டும்!