மயக்கமும் அதன் காரணமும்

காலை வழிபாட்டுக் கூட்டம் நீண்டுவிட்டால், வெயிலில் நிற்கும் மாணவன் ஒருவன் திடீரெனச் சாய்வதுண்டு. ஆசிரியப் பணியில் இதனைப் பன்முறை கண்டிருக்கிறேன். உடனே நால்வர் கூடி அவனைத் தூக்கி நிறுத்த முயல்வர். சாவிக்கொத்தைக் கையில் திணிப்பாரும் உளர். இவற்றாற் பயனில்லை. அவனைப் படுக்கவைத்துக் கால்களைச் சற்று உயர்த்துவதே முறை.

இதயம் பழுதற்றிருந்தும் மயக்கம் வருவானேன்? நெடுநேரம் நின்றால் குருதி கால்களில் தேங்குகிறது. அச்சமோ வலியோ சேர்ந்தால் வேகஸ் நரம்பு இதயத் துடிப்பைத் தளர்த்துகிறது. குருதிக் குழாய்களும் விரிகின்றன. அழுத்தம் வீழ்ந்து, மூளைக்குச் செல்லும் குருதி குறைகிறது. தாமஸ் லூயிஸ் என்னும் பிரிட்டிஷ் மருத்துவர் 1932-இல் இதனை விளக்கி எழுதினார்.

காரணத்தைக் கண்டறிய மருத்துவர் முதலில் நாடுவது கருவியை அன்று, கண்டவர் சொல்லையே. விழுமுன் வியர்த்ததா? முகம் வெளிறியதா? எத்துணை விரைவில் தெளிந்தான்? நாக்கின் பக்கவாட்டில் கடிபட்டு, தெளிந்த பின்னும் நெடுநேரம் குழம்பியிருந்தால் வலிப்பென ஐயுறலாம். ஆதலின், அருகிருந்த மாணவர்களே, நீங்கள் கண்டதை மிகைப்படுத்தாது கூறுங்கள்.

அடுத்து, படுத்த நிலையிலும் எழுந்து நின்ற பின்னும் குருதியழுத்தத்தை அளப்பர். 3 நிமிடத்துள் மேலழுத்தம் 20 மில்லிமீட்டர் குறைந்தால், நீரிழப்போ உட்கொள்ளும் மருந்தோ நரம்புத் தளர்ச்சியோ காரணமாகலாம். அப்பொழுதும் தெளிவு பிறவாவிடின், சாயும் மேசையில் படுக்கவைத்து 60 முதல் 70 பாகை வரை நிமிர்த்திப் பார்ப்பர். மயக்க ஆய்வில் இம்முறை 1986-க்குப் பின் பரவிற்று.

ஓடும்போதே ஒருவன் விழுந்தால் மட்டும் வெயிலைக் குறைகூறி வாளாவிருத்தல் ஆகாது. அன்றே இதய மின்வரைவு எடுத்தல் வேண்டும்.