விழுங்கும்போது திறக்கும் வாசல்

புறச்செவியின் மடலும் துளையும் ஒலியைத் திரட்டிச் செவிப்பறையில் சேர்க்கும் விதம் இத்தொடரின் முந்தைய பகுதிகளில் விளக்கப்பட்டது. செவிப்பறை என்னும் அந்த மெல்லிய சவ்வு தடையின்றி அதிர வேண்டுமானால், அதன் இரு பக்கத்திலும் உள்ள காற்று ஒரே அழுத்தத்தில் இருந்தாக வேண்டும். வெளிப்பக்கம் எப்போதும் திறந்தே கிடப்பதால் அதைப் பற்றிக் கவலையில்லை. உட்பக்கத்தில் இருப்பதோ நடுச்செவி எனப்படும், மூன்று சிற்றெலும்புகளைத் தாங்கிய, நாற்புறமும் எலும்பு சூழ்ந்த ஒரு சிறு அறை. அந்த அறையில் உள்ள காற்றை அதன் சளிச்சவ்வு சிறிது சிறிதாக உறிஞ்சிக்கொண்டே இருப்பதால், புதுக்காற்று அவ்வப்போது வந்து சேராவிட்டால் அழுத்தம் குறைந்து, செவிப்பறை உள்நோக்கிக் குழிந்து, எதிரில் இருப்பவர் பேசுவதுகூடச் சுவருக்கு அப்பாலிருந்து வருவதுபோல் மங்கிவிடுகிறது. காது அடைத்துக்கொண்டது என்று மக்கள் சொல்லும் நிலைகளில் பலவற்றுக்குக் காரணம் இந்தக் காற்றுப் பற்றாக்குறைதான்.

புதுக்காற்று வரும் வழியை 1564-இல் வெளிவந்த தம் உடற்கூற்று நூலில் தெளிவாக வருணித்தவர் இத்தாலியரான பார்த்தொலோமியோ யூஸ்டாக்கி. அதனாலேயே அது யூஸ்டேஷியன் குழல் என்று பெயர் பெற்றது. வளர்ந்தவர்களிடம் ஏறக்குறைய 36 மில்லிமீட்டர் நீளமுள்ள இக்குழல், நடுச்செவியிலிருந்து சரிந்து இறங்கி, மூக்கின் பின்புறமும் தொண்டையின் மேற்பகுதியும் கூடும் இடத்தில் திறக்கிறது. நடுச்செவியை ஒட்டிய மூன்றில் ஒரு பங்கு எலும்பால் ஆனதால் எப்போதும் திறந்திருக்கிறது. எஞ்சிய இரண்டு பங்கும் குருத்தெலும்பாலும் சவ்வாலும் ஆனவை என்பதால் இயல்பு நிலையில் மூடியே கிடக்கின்றன. மூடியிருப்பது குறையன்று. அவ்வாறு மூடியிராவிட்டால் தொண்டைச் சளியும் கிருமிகளும் தங்கு தடையின்றிச் செவிக்குள் ஏறிவிடும். பேசுபவருக்குத் தம் குரலும் மூச்சும் காதுக்குள் முழங்கிக்கொண்டே இருக்கும். ஒருவர் விழுங்கும்போதோ கொட்டாவி விடும்போதோ, வாயின் மேற்கூரையில் பின்பக்கம் உள்ள மென்மையான அண்ணத்தை விறைக்கச் செய்யும் தசை சுருங்கி, குழலின் ஒரு சுவரை விலக்கி, அரை நொடிக்கும் குறைவான நேரம் வாசலைத் திறந்துவிடுகிறது. அப்போது கேட்கும் மெல்லிய 'டிக்' ஒலியே காற்று மாறியதற்கான அடையாளம்.

இந்த வாசலில் ஒரு நுட்பமான ஓரவஞ்சனை உண்டு: உள்ளிருந்து வெளியேறும் காற்றுக்கு அது எளிதில் வழிவிடுகிறது, வெளியிலிருந்து உள்ளே வரும் காற்றுக்கு வழிவிட மறுக்கிறது. மலையேறும்போது வெளிக்காற்றின் அழுத்தம் குறையக் குறைய, நடுச்செவியின் காற்று விரிந்து, குழலின் தளர்ந்த பகுதியைத் தானே தள்ளிக்கொண்டு வெளியேறிவிடுகிறது. இறங்கும்போது நிலைமை தலைகீழாகிறது. இளநீருக்குக் கொடுக்கப்படும் காகிதக் குழல் ஊறிப்போன பிறகு, உறிஞ்ச உறிஞ்ச அதன் சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதைப் பலரும் கண்டிருப்பர். நடுச்செவியில் அழுத்தம் குறைந்ததும் யூஸ்டேஷியன் குழலும் அவ்வாறே உள்ளிழுக்கப்பட்டு ஒட்டிக்கொள்கிறது. இரு பக்கமும் உள்ள வேறுபாடு பாதரச அளவில் 60 மில்லிமீட்டரை நெருங்கும்போது வலி தொடங்குகிறது. 90 மில்லிமீட்டரை எட்டிய பிறகு, தசை எவ்வளவு இழுத்தாலும் வாசல் திறப்பதில்லை.

உதகமண்டலத்திலிருந்து மேட்டுப்பாளையத்துக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம் இறங்கும் பயணத்தில் இதைக் கண்ணாலேயே காணலாம். சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீரைக் குடித்து முடித்து, இறுக மூடி வைத்த வெற்றுப் பிளாஸ்டிக் பாட்டில், குன்னூரைக் கடந்து பர்லியாறு வளைவுகளில் இறங்கும்போது யாரும் தொடாமலே விலாப்பக்கம் நெளியத் தொடங்கி, சமவெளியை அடையும்போது கசங்கிய நிலையில் கிடக்கும். உள்ளே அகப்பட்டது மலையின் மெலிந்த காற்று. வெளியே அழுத்துவது சமவெளியின் அடர்ந்த காற்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 150 மில்லிமீட்டர். பாட்டிலுக்கு நேர்ந்தது செவிப்பறைக்கு நேராமல் காப்பது, அந்த இரண்டு மணி நேரத்தில் பயணி தம்மை அறியாமல் பலமுறை எச்சில் விழுங்குவது மட்டுமே.

விமானப் பயணத்தின் சிக்கல் உயரத்தைவிட வேகத்தைச் சார்ந்தது. விமானம் 11,000 மீட்டரில் பறந்தாலும், பயணியர் அறையின் காற்றழுத்தம் பெரும்பாலும் 1,800 முதல் 2,400 மீட்டர் வரை உயரமுள்ள மலையில் இருப்பதற்கு நிகராகவே வைக்கப்படுகிறது. அதாவது பயணி வானில் அமர்ந்திருக்கும்போது அவருடைய செவி உதகையில் இருக்கிறது. ஆனால் பேருந்து இரண்டு மணி நேரத்தில் கடக்கும் இறக்கத்தை விமானம் அரைமணிக்குள் கடந்துவிடுகிறது. உறங்குபவர் குறைவாகவே விழுங்குவதால், விமானம் இறங்கத் தொடங்கியதை அறியாமல் தூங்கி, தரையைத் தொடும்போது காது வலியோடு விழிப்பவர்களின் வாசல் ஏற்கெனவே பூட்டிக்கொண்டிருக்கும். ஆகவே, இறக்கம் தொடங்குமுன் விழித்துக்கொள்வதும், அந்த நொடியிலிருந்தே மிட்டாயையோ சூயிங்கத்தையோ மென்று, தண்ணீரைச் சிறு மிடறுகளாக விழுங்கி, வலி வருவதற்கு முன்பே காற்றை மாற்றிக்கொண்டிருப்பதும் வேறெந்த உத்தியையும்விடப் பயன் மிக்கவை. கைக்குழந்தைக்கு அந்நேரத்தில் நிமிர்த்திப் பிடித்துத் தாய்ப்பாலோ புட்டிப்பாலோ கொடுப்பது இதே காரணத்தால்தான்.

விழுங்குவது போதாதபோது கையாளப்படும் முறைகளுள் எல்லோரும் அறிந்தது, மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயை மூடி மூச்சை வெளியே தள்ளுவது. இத்தாலிய மருத்துவரான அந்தோனியோ மரியா வால்சால்வா 1704-இல் செவியைப் பற்றி எழுதிய நூலில் இதை விவரித்தபோது, அவர் நோக்கம் விமானமோ மலையோ அன்று. துளைபட்ட செவிப்பறை வழியே நடுச்செவியின் சீழை வெளியேற்றுவதே. பெயரும் புகழும் பெற்ற இம்முறையே மிகுதியாகத் தவறாகவும் செய்யப்படுகிறது. முகம் சிவக்க, கழுத்து நரம்பு புடைக்க முக்கி ஊதுபவர், மார்பிலும் மூளையைச் சூழ்ந்த நீரிலும் அழுத்தத்தை ஏற்றி, அதன்வழி உட்செவியின் நீரையும் அழுத்துகிறார். பூட்டிக்கொண்ட குழல் திறக்காத நிலையில் அந்த அழுத்தம் உட்செவியின் வட்டச் சாளரம் என்னும் மெல்லிய படலத்தைக் கிழித்துவிடக்கூடும். அதன் விளைவு தலைசுற்றலும், சில நேரங்களில் நிலையான கேட்புக் குறையும் ஆகும். கன்னம் சற்றே உப்பும் அளவு, ஓரிரு நொடிகள், மெழுகுவர்த்திச் சுடரை அசைக்கப் போதுமான மூச்சு: அதற்குமேல் ஒருபோதும் தேவையில்லை. சளி கட்டியிருக்கும்போது ஊதினால் கிருமி நிறைந்த சளியே நடுச்செவிக்குள் ஏறும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அண்மையில் காதிலோ கண்ணிலோ அறுவை செய்துகொண்டவர்களும் இதயநோயுள்ளவர்களும் மருத்துவரைக் கேளாமல் இதைச் செய்யலாகாது.

மென்மையான வேறு வழிகள் இருக்கின்றன. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லண்டனில் வாழ்ந்த செவி மருத்துவர் ஜோசப் டாயின்பீயின் பெயரால் வழங்கும் முறையில், மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு தண்ணீரை விழுங்கினால் போதும். திறக்கும் வேலையைத் தசையே செய்கிறது. ஜெர்மானியரான ஹெர்மன் ஃப்ரென்செல் போர் விமானிகளுக்குக் கற்றுக்கொடுத்த முறையில் நுரையீரலுக்கு வேலையே இல்லை: மூக்கைப் பிடித்து, மூச்சுக்குழலின் வாயையும் மூடிக்கொண்டு, 'க்' என்று ஒலிக்கத் தொடங்குவதுபோல் நாவின் அடியை மேலே தூக்கினால், தொண்டையில் அகப்பட்ட சிறிதளவு காற்று குழலை நோக்கித் தள்ளப்படுகிறது. ககரம் பிறக்கும் இடமாகத் தமிழ் இலக்கணம் குறிக்கும் நாவடியும் அண்ணத்தின் அடியும் சேரும் இடமே இங்கு உந்துதண்டாகப் பயன்படுகிறது என்பதால், தமிழ் பேசுபவருக்கு இதைப் பழகுவது கடினமன்று.

நீருக்குள் இந்த அறிவு உயிர் காக்கும் அளவுக்கு முக்கியமாகிறது. ஒவ்வொரு மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் பாதரச அளவில் ஏறத்தாழ 75 மில்லிமீட்டர் கூடுவதால், இடுப்பளவைச் சற்றே தாண்டிய ஆழத்திலேயே குழல் பூட்டிக்கொள்ளும் எல்லை வந்துவிடுகிறது. மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பை நேரில் கண்ட ராபர்ட் பெர்சிவல் என்னும் ஆங்கிலேய அதிகாரி, 1803-இல் வெளியிட்ட இலங்கை பற்றிய நூலில், குளிப்பவர் கல்லின் துணையோடு ஒரு கையால் கயிற்றையும் மறு கையால் மூக்கையும் பற்றி மூழ்கியதையும், மேலே வரும்போது பலருக்கு வாயிலும் மூக்கிலும் காதிலும் குருதி வடிந்ததையும் பதிவு செய்திருக்கிறார். மூக்கைப் பற்றிய அந்தக் கை நீரைத் தடுப்பதோடு செவியைச் சமன் செய்யவும் வாய்ப்பளித்தது. காதில் வடிந்த குருதி, சமன் செய்ய முடியாமற் போனவர்கள் கொடுத்த விலை. கல்லின் எடை அவர்களை நிற்கவிடவில்லை. இன்று மூழ்குபவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை: அரை மீட்டருக்கு ஒருமுறை சமன் செய்ய வேண்டும், முடியாவிட்டால் சற்று மேலேறி மீண்டும் முயல வேண்டும், அப்போதும் திறக்காவிட்டால் அன்றைக்கு மூழ்குவதைக் கைவிட வேண்டும்.

சளிக்காலத்தில் குழலின் வாயே வீங்கிக்கிடப்பதால் மேற்சொன்ன எதுவும் எளிதில் பலிப்பதில்லை. அத்தகைய நாளில் பயணத்தைத் தவிர்க்க இயலாத பெரியவர்கள், இறக்கத்துக்கு அரைமணிக்கு முன் மூக்கடைப்பு நீக்கும் ஸ்பிரேயைப் பயன்படுத்தலாம். ஆனால் சைலோமெட்டாசோலின் போன்ற அந்த மருந்துகளை ஒரு வாரத்துக்குத் தொடர்ந்தால், மருந்தே மூக்கடைப்புக்குக் காரணமாகிவிடக்கூடும். குழந்தைகளுக்கோ குழல் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கைவாட்டிலும் அமைந்திருப்பதால், சளி பிடித்த பிறகு நடுச்செவியில் பசைபோன்ற நீர் வாரக்கணக்கில் தேங்கிவிடுவதுண்டு. வளர்ந்தவர் ஒருவருக்கு, சளி ஏதுமின்றி ஒரே காதில் மட்டும் அவ்வாறு நீர் தேங்கினால், மூக்கின் பின்புறம் கட்டி ஏதேனும் குழலை அடைக்கிறதா என்று மருத்துவர் குழாய்க்கருவி செலுத்திப் பார்த்தே ஆக வேண்டும்.

வீடுகளில் நடப்பது பெரும்பாலும் வேறு. காது அடைத்ததும் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் ஊற்றப்படுகிறது. பட்ஸோ ஊக்கோ கொண்டைஊசியோ உள்ளே நுழைகிறது. அழுத்தத்தால் வந்த அடைப்பு செவிப்பறைக்கு அப்பால் இருக்கிறது. எண்ணெயும் பட்ஸும் இப்பாலேயே நின்றுவிடுகின்றன. செவிப்பறையில் துளையிருந்தால் மட்டுமே எண்ணெய் அப்பால் செல்லும், அப்போது அது சீழைத்தான் வளர்க்கும். குளித்தெழுந்ததும் ஒரு காது திடீரென அடைத்துக்கொண்டால், நீரில் ஊறிப் பருத்த குறும்பி காரணமாக இருக்கலாம். பட்ஸ் அந்தக் குறும்பியைச் செவிப்பறை வரை தள்ளி இறுக்குகிறதேயன்றி எடுப்பதில்லை. மருத்துவர் தரும் சொட்டு மருந்தால் இளகவைத்து, உறிஞ்சியோ உடல்சூட்டளவு வெந்நீரால் கழுவியோ எடுப்பதே முறை.

காற்றும் குறும்பியும் சளியும் காரணமாக இல்லாத ஓர் அடைப்பும் உண்டு. உட்செவியின் நரம்புப் பகுதி ஓரிரு நாளில் திடீரெனச் செயலிழக்கும்போது, பாதிக்கப்பட்டவர் உணர்வது பெரும்பாலும் வெறும் அடைப்பையே. வலி இராது, இரைச்சல் இருக்கலாம். விமானத்தில் வந்தது, சளியால் வந்தது என்று எண்ணி நாள் கடத்துபவர்கள் கேட்கும் திறனை இழந்துவிடக்கூடும் என்பதே இப்பகுதியில் மிகுந்த கவலையோடு சொல்ல வேண்டிய செய்தி. ஜெர்மானிய அறிஞர் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக் வேபரின் பெயரால் மருத்துவர்கள் இசைக்கவையை நெற்றியில் வைத்துச் செய்யும் சோதனையின் அடிப்படையை, கருவியின்றி வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். வாயை மூடிக்கொண்டு 'ம்' என்று நீளமாக முனகும்போது, அடைத்த காதில் ஒலி கூடுதலாகக் கேட்டால் குறை பெரும்பாலும் குறும்பியிலோ நடுச்செவியிலோ இருக்கிறது. நல்ல காதில் கூடுதலாகக் கேட்டால் நரம்பில் இருக்க வாய்ப்புண்டு. இரண்டாவது நிலை தென்பட்டவரும், முனகலில் எதையும் பிரித்தறிய முடியாதபோதும் ஒரு காதின் கேட்கும் திறன் திடீரெனக் குறைந்ததை உணர்பவரும், அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று கேட்புச் சோதனை செய்துகொள்ள வேண்டும். இந்நோய்க்குத் தரப்படும் ஸ்டீராய்டு மருந்து பலனளிக்க வாய்ப்பு மிகுந்திருப்பது முதல் இரண்டு வாரங்களில்தான், அவற்றிலும் முதல் சில நாட்களில்.