அடுப்போடு கிளம்பும் வேன்



பரீட்சை அட்டவணை நோட்டீஸ் போர்டுக்கு வருமுன்பே நம் வகுப்பில் இன்னொரு அறிவிப்பு வந்துவிடும். "டூர்! தலைக்கு இவ்வளவு! உடனே பெயர் கொடுக்கவும்!" ஊட்டியா, மைசூரா, மூணாறா என்று ஒரு வாரம் சண்டை நடக்கும். கடைசியில் ஒரு டூரிஸ்ட் வேன் பேசி, பின்சீட்டில் அரிசி, அண்டா, கரண்டி, கேஸ் சிலிண்டர் எல்லாம் ஏற்றிவிடுவோம். சமைத்துச் சாப்பிட்டால் ஹோட்டல் செலவு மிச்சம், வண்டியிலேயே தூங்கினால் லாட்ஜ் செலவு மிச்சம் என்பது நம்ம கணக்கு.

வெளிநாட்டில் இதையே படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் வைத்துக் கட்டி 'கேம்பர் வேன்' என்கிறார்கள். பக்கத்துக் கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே ஒரு கொள்கை அறிவித்தது. நமக்கு இது ஒன்றும் புதுசு இல்லை. சமையல்காரரையும் பாத்திரங்களையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு காசி, ராமேஸ்வரம் போய்வந்த பெரியவர்கள் நம்ம தஞ்சாவூர்ப் பக்கம் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள்.

ஆனால் ஒன்று. வீட்டைச் சக்கரத்தின்மேல் ஏற்றினால், வீட்டில் இருக்கிற ஆபத்தும் கூடவே ஏறிக்கொள்ளும். தூக்கம், நெருப்பு, குப்பை ஆகிய மூன்றையும் பற்றிக் கிளம்புவதற்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். "வழியில பாத்துக்கலாம்டா" என்று சொன்னவர்கள் யாரும் வழியில் பார்த்ததில்லை.

முதலில் பலகையைப் பாருங்கள்

வாடகை வண்டி என்றால் மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். "என் சித்தப்பா வண்டிடா, வெள்ளை போர்டு, வாடகை கம்மி" என்று ஒரு நண்பன் நிச்சயம் வருவான். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியை வாடகைக்கு ஓட்டுவது சட்டப்படி தப்பு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி பணம் தர மறுக்கலாம். எஃப்.சி., இன்சூரன்ஸ், டிரைவர் லைசென்ஸ், வெளி மாநிலம் போவதானால் அதற்குரிய பெர்மிட் எல்லாவற்றையும் தேதி பார்த்துப் படித்துவிடுங்கள். ஆர்.சி.யில் எத்தனை சீட்டோ அத்தனை பேர்தான். "மடியில உக்காந்துக்கறேன்" என்கிறவனை அன்போடு இறக்கிவிடுங்கள்.

"அண்ணே, தூங்கினீங்களா?"

இரண்டாமாண்டில் நாங்கள் ஊட்டி போனபோது நடந்ததைச் சொல்கிறேன். ராத்திரி எட்டு மணிக்குத் திருப்பனந்தாள் கடைத்தெருவில் வேன் வந்து நின்றது. ஒரே விசில், ஒரே ஆட்டம். கரூர் தாண்டும்போது மணி இரண்டு இருக்கும். எல்லோரும் களைத்துச் சாய்ந்துவிட்டார்கள். முன்சீட்டில் நான் மட்டும் அரைத் தூக்கத்தில் இருந்தேன். திடீரென்று வண்டி இடப்பக்கம் ஒதுங்கி, மண்ணில் இறங்கி, கடகடவென்று ஆடியது. டிரைவர் அண்ணன் திடுக்கிட்டு ஸ்டியரிங்கை ஒடித்தார். நல்லவேளை, எதிரே லாரி இல்லை.

"அண்ணே, பகல்ல தூங்கினீங்களா?"

"எங்க தம்பி தூங்கறது? காலையில ஒரு கல்யாண சவாரி. இறக்கி விட்டுட்டு நேரா உங்ககிட்ட வந்தேன்."

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வாடகையில் ஐந்நூறு ரூபாய் குறைக்க ஒரு மணி நேரம் பேரம் பேசிய நாங்கள், இந்த ஒரு கேள்வியைக் கிளம்பும்போது கேட்கவில்லை.

நாம் டிப்ளமோ படிக்கிறவர்கள் அல்லவா, கணக்குப் போட்டுப் பார்ப்போம். 60 கிலோமீட்டர் வேகம் என்றால் வினாடிக்குச் சுமார் 16.7 மீட்டர். டிரைவர் கண் 3 வினாடி செருகினால் வண்டி 50 மீட்டர் ஓடிவிடும். நாலு பஸ்ஸை வரிசையாக நிறுத்திய நீளம் அது. அந்தத் தூரம் முழுவதும் வண்டியில் விழித்திருக்கிற ஆள் ஒருவருமில்லை.

1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், டிரைவருக்குப் பொதுவாக நாளைக்கு 8 மணி நேர வேலை என்றும், தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேல் ஓட்டாமல் அரை மணியாவது ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. நம்ம ஊரிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, கோவை வழியாக ஊட்டி ஏறத்தாழ 400 கிலோமீட்டர். போய்ச் சேருவதிலேயே அந்த ஒரு நாள் வேலை தீர்ந்துவிடுகிறது.

ஆகவே ராத்திரி எட்டு மணிக்குக் கிளம்பாமல் விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்புங்கள். ராத்திரிதான் போயாக வேண்டும் என்றால் இரண்டாவது டிரைவருக்கும் பணம் ஒதுக்குங்கள். முன்சீட்டில் இரண்டு மணிக்கு ஒருவர் என்று முறை வைத்து விழித்திருங்கள். தங்குமிடத்தில் டிரைவருக்கும் ஒரு படுக்கை வேண்டும். "அவர் வண்டியிலேயே படுத்துப்பார்" என்பது நாமே தேடிக்கொள்கிற வினை.

சிலிண்டர் வேண்டாம்

2023 ஆகஸ்ட் 26 அதிகாலை. லக்னோவிலிருந்து சுற்றுலா வந்தவர்களின் தனி ரயில் பெட்டி மதுரை ஸ்டேஷன் அருகே நிறுத்தப்பட்டிருந்தது. ரயிலில் சிலிண்டர் எடுத்துப் போவது குற்றம். இருந்தும் பெட்டிக்குள் சமையலுக்கென்று கொண்டுவந்திருந்தார்கள். தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். கோயில் குளம் பார்க்க வந்தவர்கள், நம்மைப் போலவே சொந்தச் சமையல் சாப்பிட ஆசைப்பட்டவர்கள்.

ஏன் இப்படி ஆகிறது? சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் படுக்கும். காற்றில் சுமார் 2 சதவீதம் கலந்தாலே தீப்பொறிக்குக் காத்திருக்கும். வேனின் உட்புறம் ஒரு பேச்சுக்கு 15 கன மீட்டர் என்று வையுங்கள். அதில் 2 சதவீதம் 0.3 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 700 கிராம் கேஸ். 14.2 கிலோ சிலிண்டரில் இருபதில் ஒரு பங்கு கசிந்தால் போதும், முழு வேனும் வெடிக்கத் தயார். குலுங்குகிற வண்டியில் ரெகுலேட்டர் தளர எவ்வளவு நேரம் ஆகும்?

சரி, சாப்பாட்டுக்கு என்ன வழி? முதல் நாளுக்குப் புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொள்ளுங்கள். நம்ம அம்மாக்கள் கட்டுகிற புளிசாதம் மறுநாளும் கெடாது. அடுத்த நாட்களுக்குச் சமையற்கட்டு உள்ள மண்டபமோ சத்திரமோ முன்கூட்டியே பேசிவிடலாம். அங்கே அடுப்பு இருக்கும், ஜன்னல் இருக்கும், ஓடிவரத் திறந்த கதவும் இருக்கும்.

நிறுத்திய வண்டியிலும் ஆபத்து உண்டு

குளிருக்காகக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, இன்ஜினையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டுத் தூங்கக் கூடாது. 2024 டிசம்பரில் கேரளத்து வடகரையில் சாலையோரம் நிறுத்திய கேரவனுக்குள் இருவர் இறந்து கிடந்தார்கள். ஜெனரேட்டர் புகையின் கார்பன் மோனாக்சைடுதான் காரணம் என்று ஆய்வில் தெரிந்தது. அதற்கு வாசனை இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவனை எழுப்பாமலே கொண்டுபோய்விடும்.

மலை இறங்கும்போது

மேட்டுப்பாளையத்துக்கும் ஊட்டிக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,900 மீட்டர். ஆட்களோடு 4 டன் எடையுள்ள வேன் அத்தனை உயரம் இறங்கும்போது வெளிப்படுகிற சக்தியை நாம் முதலாமாண்டில் படித்த எம்.ஜி.ஹெச். சூத்திரத்தில் போட்டுப் பாருங்கள். ஏறத்தாழ 7.5 கோடி ஜூல். சுமார் 250 லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிக்க வைக்கிற சூடு! டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் இறக்கினால் அந்தச் சூட்டில் பெரும்பகுதி பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறிப் பிடிப்பை இழக்கும். எந்த கியரில் ஏறினோமோ அதே கியரில் இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்வது இதனால்தான். இன்ஜினே வண்டியை இழுத்துப் பிடிக்கும். குறுகலான இடத்தில் மேலே ஏறிவருகிற வண்டிக்கு வழிவிடுவதும் இறங்குகிறவர் கடமை.

ஊட்டி, கொடைக்கானல் போகிற வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. கிளம்புமுன் அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஊட்டியிலிருந்து மைசூர் போகிறவர்கள் நேரத்தையும் கவனியுங்கள். பந்திப்பூர் காட்டுச் சாலையில் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணிவரை போக்குவரத்துக்குத் தடை. அது யானைகள் நடக்கிற நேரம். பகலிலும் காட்டில் வண்டியை நிறுத்தி இறங்காதீர்கள், குரங்குக்குப் பழம் போடாதீர்கள்.

வாய்க்கால் கரையிலிருந்து ஒரு பார்வை

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. நமக்குப் பக்கத்திலேயே சூரியனார்கோயில், கஞ்சனூர். நவக்கிரகக் கோயில் பார்க்க எத்தனையோ ஊர்களிலிருந்து வேன்கள் வருகின்றன. வாய்க்கால் ஓரம் புங்கமர நிழல் கண்டால் நிறுத்துவார்கள். சாப்பிடுவார்கள். வேன் போன பிறகு கரையில் கிடப்பது என்ன? தட்டு, கப், தண்ணீர் பாட்டில், ஊறுகாய்ப் பாக்கெட். தண்ணீர் வந்ததும் அத்தனையும் மிதந்து போய் மதகில் அடைத்துக்கொள்ளும். உடைந்த பாட்டில் சேற்றுக்குள் போய்விட்டால், நடவுக்கு இறங்குகிற அம்மாவின் காலில்தான் அது மறுபடி வெளியே வரும். "படிச்சவனுங்க செய்யற வேலையா இது?" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் திட்டுவதை நாமே கேட்டிருக்கிறோம்.

அதே நாம் ஊட்டிச் சாலையோரத்தில் என்ன செய்கிறோம்? அங்கேயும் ஒரு வாய்க்கால் உண்டு, அங்கேயும் கேரட் வயலில் வெறுங்காலோடு ஒரு அம்மா உண்டு. இங்கே திட்டுகிறவர்கள் அங்கே திட்டு வாங்குகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

18 பேர், 3 நாள், நாளைக்கு 3 வேளை என்றால் 162 தட்டு. டீ கப், தண்ணீர் கப் தனி. ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டும் டம்ளரும் வீட்டிலிருந்து எடுத்து வந்தால் அத்தனையும் பூஜ்யம். இரண்டு சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மக்குகிற குப்பைக்கு, மற்றது மக்காததற்கு. குப்பைத்தொட்டி கண்டால் போடுங்கள், இல்லாவிட்டால் ஊருக்குத் திரும்பக் கொண்டு வாருங்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1 முதலே தடை. பாத்திரம் கழுவிய சோப்புத் தண்ணீரை ஓடையில் ஊற்றாதீர்கள். இயற்கை உபாதைக்கு பெட்ரோல் பங்க், பஸ் ஸ்டாண்ட் பார்த்து நிறுத்தச் சொல்லுங்கள், அடுத்தவன் வயலைத் தேடாதீர்கள்.

நியூசிலாந்தில் கேம்பர் வேனில் ஊர் சுற்றுகிறவர்களுக்கென்று 2011-ல் ஒரு சட்டமே வந்தது. கண்ட இடத்தில் கழிவைக் கொட்டினால் அபராதம். பல இடங்களில் கழிவுநீரைத் தன்னுள்ளேயே சேர்த்து வைக்கிற வண்டிக்குத்தான் இரவில் தங்க அனுமதி. உன் கழிவு உன் சுமை என்பதுதான் அதன் சாரம். நாளை நம்மில் பலர் வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகப்போகிறவர்கள். இந்தப் பழக்கத்தை இப்போதே ஊட்டிச் சாலையில் ஆரம்பித்துவிடலாமே!

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. கொள்ளிடத்தில் எங்கே குழி, எங்கே சுழல் என்று நமக்குத் தெரியும், வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. அவன் ஊர் ஆற்றில் நாம்தான் வெளியூர்க்காரன். உள்ளூர்க்காரர் ஒருவரைக் கேட்காமல் ஆற்றிலும் அருவியிலும் இறங்காதீர்கள். "இறங்காதே" என்று அவர் சொன்னால், நீச்சல் தெரியும் என்று வாதாடாதீர்கள்.

வேன் ஏறுமுன் ஆறு கேள்விகள்

1. டிரைவர் கடைசியாக எப்போது தூங்கினார்?
2. மஞ்சள் பலகைதானா? காகிதங்களின் தேதி சரியா?
3. வண்டியில் சிலிண்டர் இல்லை என்று பார்த்தாயிற்றா?
4. ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா? ஜாக்கி, வீல் ஸ்பேனர், முதலுதவிப் பெட்டி இருக்கிறதா?
5. ஆளுக்கொரு தட்டு, டம்ளர், மொத்தத்துக்கு இரண்டு சாக்கு வந்தனவா?
6. முன்சீட்டில் விழித்திருக்கும் முறை எழுதியாயிற்றா?

ஆறுக்கும் பதில் கிடைத்துவிட்டதா? இனி பாட்டுப் போடுங்கள், ஆடுங்கள், விசிலடியுங்கள். திரும்பி வரும்போது 18 பேரும் வர வேண்டும், டிரைவர் அண்ணனும் வர வேண்டும், நிரம்பிய சாக்கும் வர வேண்டும். பயணம் இனிக்கட்டும் நண்பர்களே!