கணுக்கால் ஆபரேஷன் முடிஞ்சாச்சு... மலைத்தோட்ட வேலைக்கு எப்போ திரும்பலாம்?

கம்பம், போடி பக்கம் விடிவதற்கு முன்பே ஜீப் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போகிறவர்கள் ஏராளம். மழையில் வழுக்கும் சரிவில் ஒரு அடி பிசகினால் போதும், கரண்டைக்கால் எலும்பு முறிந்துவிடும். பிளேட், ஸ்குரூ வைத்து வீடு திரும்பியவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ வேலைக்குப் போகலாம்?" என்பதுதான். தினக்கூலியை நம்பியிருக்கும் வீட்டில் அது நியாயமான கேள்வியும்கூட.

பிளேட்தான் இருக்கே, நடந்தா என்ன?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எலும்பு ஒன்றுசேரும் வரை துண்டுகளை நகராமல் பிடித்துவைப்பதுதான் பிளேட்டின் வேலை. எலும்புக்குப் பதிலாக உடல் எடையைச் சுமக்க அது வைக்கப்படுவதில்லை. வலி சில வாரங்களிலேயே குறைந்துவிடும். எலும்பு சேர பொதுவாக 6 முதல் 12 வாரம் ஆகும். "வலியே இல்லையே" என்று அதற்குள் காலை ஊன்றினால் ஸ்குரூ தளரலாம், பிளேட் உடையலாம், இன்னொரு ஆபரேஷன் வரை போகலாம். முறிவைப் பொறுத்து சிலரை முன்னதாகவே ஊன்றச் சொல்வதும் உண்டு. அதை டாக்டர்தான் சொல்லணும், பக்கத்து வீட்டுக்காரர் அல்ல. சர்க்கரை நோய், பீடி சிகரெட் பழக்கம் இருந்தால் காலம் இன்னும் நீளும்.

அசைக்காமலே வச்சிருந்தா?

அதுவும் தப்பு. மூட்டு இறுகிவிடும். பிறகு குத்துக்காலிட்டு உட்கார முடியாது. நம்மூர் கழிப்பறையே பெரும்பாடாகும், சரிவில் இறங்குவது அதைவிடக் கஷ்டம். டாக்டர் அனுமதித்ததும் பாதத்தை மேலும் கீழும் அசைக்கணும். கட்டைவிரலால் காற்றில் அ, ஆ எழுதுவது சுலபமான பயிற்சி. பிசியோதெரபிக்கு அடிக்கடி பஸ் ஏற முடியாதவர்கள், 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே பயிற்சி கிடைக்குமா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

உட்கார்ந்து செய்யும் வேலை என்றால் சில வாரங்களில் திரும்பலாம். மூட்டை தூக்குவது, சரிவில் ஏறி இறங்குவது என்றால் 3 முதல் 6 மாதம் ஆகலாம். அடிபட்ட ஒற்றைக்காலில் நின்று குதிகாலைத் தூக்க முடியவில்லை என்றால், அந்தக் கால் சரிவுக்கு இன்னும் தயாராகவில்லை. பைக்கும் பொறுக்கணும், கியர் இடதுகாலில், பிரேக் வலதுகாலில்.

சாயங்கால வீக்கம் மாதக்கணக்கில் இருக்கும், பயப்பட வேண்டாம். ஆனால் கெண்டைக்காலில் வலியோடு வீக்கம், தையலில் சீழ், காய்ச்சல் இருந்தால் உடனே ஆஸ்பத்திரி போகணும். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் 108-ஐ அழைக்க வேண்டும். காயம் ஆறும் முன் எண்ணெய் போட்டு நீவுவது கூடவே கூடாது.

பிளேட்டை எடுக்கணுமா? பெரும்பாலும் தேவையில்லை. செருப்பு வார் உரசி வலித்தால், எலும்பு முழுசாகச் சேர்ந்த பிறகு டாக்டரிடம் கேட்டு எடுத்துக்கொள்ளலாம்.