ராகுல் புர்வார்

ராகுல் புர்வார் ஓர் இந்திய உயிர்மருத்துவ ஆய்வாளர். மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர். இந்தியாவிலேயே உருவாக்கப்பட்ட முதல் கார்-டி உயிரணு மருத்துவமான நெக்ஸ்கார்19 இவரது ஆய்வுக்குழுவின் ஆக்கமாகும். இது சிலவகை இரத்தப் புற்றுநோய்களுக்கும் நிணநீர்ப் புற்றுநோய்களுக்கும் அளிக்கப்படுகிறது.

செயல்படும் முறை

டி உயிரணுக்கள் நோயெதிர்ப்பு ஆற்றல் தரும் வெள்ளையணுக்கள் ஆகும். புற்றுநோய் உடலின் சொந்த உயிரணுக்களிலிருந்தே தோன்றுவதால், இவை அதனைப் பல வேளைகளில் இனங்காண்பதில்லை. எனவே நோயாளியின் இரத்தத்திலிருந்து டி உயிரணுக்களைப் பிரித்து, தீங்கற்றதாக்கப்பட்ட லென்டிவைரசு மூலம் புதிய மரபணுவைச் செலுத்துவர். அம்மரபணு உண்டாக்கும் ஏற்பி, பி உயிரணுக்களின் மேலுள்ள சிடி19 என்னும் புரதத்தைப் பற்றிக்கொள்ளும்; டி உயிரணு அவற்றை அழிக்கும். நலமான பி உயிரணுக்களும் உடன் அழிவதால் நோய்த்தொற்று வாய்ப்பு கூடும்.

பயன்பாடும் விலையும்

2021 சூனில் மும்பை டாட்டா நினைவு மையத்தில் முதல் நோயாளிக்கு இம்மருத்துவம் அளிக்கப்பட்டது. 2023 அக்டோபரில் அரசின் ஒப்புதல் கிடைத்தது. அமெரிக்காவில் 2017-இல் வெளிவந்த முதல் கார்-டி மருந்தின் விலை 4,75,000 டாலர். நெக்ஸ்கார்19 ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்கு. அதுவும் எளிய குடும்பங்களுக்கு எட்டாத தொகையே.

வைரசுக்கு மாற்றாக, கொழுப்பு நானோதுகள்கள் மூலம் உடலுக்குள்ளேயே டி உயிரணுக்களை மாற்றும் முறை பல நாடுகளில் சோதிக்கப்படுகிறது. உயிரணுக்களை வெளியே எடுத்து வளர்க்கும் செலவு இம்முறையில் இல்லை.